நூற்றிருபது ஜிபியில் அடங்காத புளியமரம்

அண்ணியின் லேப்டாப் திறக்க ஆறு நிமிடம் ஆகும். ஃபோனில் நேரம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். பொத்தானை அழுத்திவிட்டு அண்ணி மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவாள். திரும்பி வரும்போதும் திரையில் புள்ளிகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். உள்ளே ஹார்டு டிஸ்க் கரகரவென்று முறத்தில் சாமை புடைக்கிற சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டாலே எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும்.

நான் அப்போது திருப்பத்தூரில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தேன். விடுதியில் என் அறையில் இருந்தவளின் லேப்டாப், மூடியைத் தூக்கி முடிப்பதற்குள் தயாராகிவிடும். "எஸ்எஸ்டி போட்டிருக்கேன்" என்பாள், புது மூக்குத்தி போட்டிருப்பதைச் சொல்வதுபோல. நான் வீடியோ வீடியோவாகப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஹார்டு டிஸ்கில் ஒரு தட்டு சுழலும், ஒரு முள் அதன்மேல் ஓடி ஓடித் தேடும். எஸ்எஸ்டியில் சுழல்வதற்கும் ஒன்றுமில்லை, ஓடுவதற்கும் ஒன்றுமில்லை. பத்து ஸ்க்ரூ கழற்றத் தெரிந்தால் மாற்றிவிடலாம். இவ்வளவு சுலபமான ஒன்றைச் செய்யாமல் ஆறு நிமிடம் உட்கார்ந்திருப்பவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வந்தது.

அந்த லேப்டாப் அண்ணி பிளஸ் டூ படித்தபோது அரசு இலவசமாகக் கொடுத்தது. கல்யாணமாகி வந்தபோது பீரோவோடு சேர்த்து அதையும் கொண்டுவந்தாள். பேட்டரி செத்துப் பல நாளாகிவிட்டது. பிளக்கில் போட்டால்தான் ஓடும். அண்ணன் கேரளாவில் மிளகுத் தோட்டத்து வேலைக்குப் போய்விட, அண்ணியும் லேப்டாப்பும் எங்கள் வீட்டில் இருந்தார்கள். காவலூருக்கு மேலே நாற்பத்திரண்டு வீடுகள் உள்ள எங்கள் ஊரில் வேறு லேப்டாப் கிடையாது. அதனால் ஊரின் காகிதமெல்லாம் அதற்குள் போய்ச் சேர்ந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் அண்ணி ஒரு ஃபோல்டர் வைத்திருந்தாள். எங்கள் வீடு ஒன்று, பக்கத்திலிருக்கும் சித்தப்பா வீடு இரண்டு, அதற்கடுத்த வீடு மூன்று என்று தெருவில் நடந்துபோகிற வரிசையில் எண் போட்டிருந்தாள்.

அந்த ஃபோல்டர்களில் முக்கியமானது எல்லைப் படம். தலைமுறை தலைமுறையாகக் காட்டு நிலத்தில் சாமை விதைக்கிறோம், ஆனால் யாரிடமும் பட்டா இல்லை. வன உரிமைப் பட்டா கேட்டு ஊரே சேர்ந்து மனுப் போடுகிற வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கே சர்வே கல் எதுவும் கிடையாது. மரம், பாறை, ஓடை, இவைதான் எல்லை. இரண்டு நிலத்துக்காரர்களும் எல்லை மரத்தடிக்குப் போய், அவரவர் பக்கத்தில் நின்று, மரத்தில் கை வைக்க வேண்டும். இரண்டு கையும் ஒரே மரத்தில் இருந்தால்தான் அது எல்லை. ஊரில் வெகுநாளாக இருக்கும் இந்த வழக்கத்தை, வன உரிமைக் குழுக்காரர்கள் மனுவுக்கும் எடுத்துக்கொண்டார்கள். அண்ணி மழையிலும் அட்டைக்கடியிலும் நடந்து எல்லாரையும் அப்படி நிற்க வைத்துப் படமும் வீடியோவும் எடுத்தாள். எடுத்ததை இரண்டு வீட்டு ஃபோல்டரிலும் போட்டாள். ஆளுக்கொரு படம். அவள் ஃபோனில் இடம் போதாது என்பதால் லேப்டாப்பில் ஏற்றியதும் ஃபோனில் அழித்துவிடுவாள்.

படங்களைக் கிராம சபையில் வைத்துச் சரிபார்த்து, அக்கம்பக்கத்தவர் ஒருவர் மனுவில் ஒருவர் கையெழுத்துப் போட்டால் மனு மேலே போகும். பக்கத்து நிலத்துக்காரர் கையெழுத்து இல்லையென்றால் அந்த இரண்டு வீட்டு மனுவும் நின்றுவிடும். சபை ஒரு வெள்ளிக்கிழமை கூடுவதாக இருந்தது. அதற்கு முந்தின வாரம் நான் விடுமுறையில் வந்தேன்.

"அண்ணி, இதுக்கு எஸ்எஸ்டி போட்டுடலாம். பறக்கும்."

"வேணாம் பாப்பா. ஓடுது இல்ல? வுடு."

"இது ஓடறதா? நொண்டுது."

"நொண்டிக்கினாவது வருது. ஊரு காயிதமெல்லாம் அதுல கீது. சபை முடியட்டும், அப்புறம் பாக்கலாம்."

"சபைல அத்தினி பேர் முன்னாடி ஆறு நிமிஷம் சுத்திக்கினே இருந்தா அசிங்கமா இல்ல?"

"உனக்குத்தான் அசிங்கம். எனக்கு இன்னா?"

என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவள். கல்லூரி வாசலை மிதிக்காதவள். அவள் எனக்கு வேண்டாம் என்று சொல்கிறாள். இந்த நினைப்பு எனக்குள் இருந்தது என்பதை மறைக்கப்போவதில்லை.

திங்கட்கிழமை சான்றிதழ் நகல் எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஆலங்காயம் போய், அங்கிருந்து வாணியம்பாடி பஸ் ஏறினேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்ன கம்ப்யூட்டர் கடை. கடைக்கார பாய் இருப்பதிலேயே விலை குறைந்த எஸ்எஸ்டியை எடுத்து வைத்தார். நூற்றிருபது ஜிபி. தீப்பெட்டிக்கு இருக்கிற கனம்கூட அதற்கு இல்லை.

"பழசுல எவ்ளோ ரொம்பியிருக்கும்மா?"

"ஐந்நூறு ஜிபி டிஸ்க். முந்நூறு இருக்கும்."

"அப்ப இது பத்தாதே. அரிசி மூட்டையத் தூக்குச்சட்டில கொட்டுவியா?"

"குறைச்சுடுவேன் பாய். எல்லாம் குப்பைதான்."

"யாரு குப்பை? உன்னுதா?"

பழைய டிஸ்கை வெளியிலிருந்து இணைக்கிற ஒரு பெட்டியையும் வாங்கிக்கொண்டு, பதில் சொல்ல வேண்டிய அவசியமில்லை என்ற திமிரோடு பஸ் ஏறினேன்.

செவ்வாய்க்கிழமை காலை அண்ணி களையெடுக்கப் போனாள். அப்பாவும் போனார். வீட்டில் நான் மட்டும். பழைய டிஸ்கை அப்படியே புதியதில் நகலெடுக்க வேண்டும், ஆனால் அதற்கு முன் நூற்றிருபதுக்குள் அடக்க வேண்டும். அண்ணன் வைத்திருந்த சினிமாக்களை முதலில் அழித்தேன். நிரம்பியிருந்ததில் பாதி அவைதான். அப்படியும் நாற்பது ஜிபி அதிகம். ஒரே கோப்பு இரண்டு இடத்தில் இருந்தால் கண்டுபிடித்து ஒன்றை அழிக்கிற ஒரு மென்பொருளை இறக்கினேன். அது ஓடி முடித்துக் காட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊர் முழுக்க இரண்டிரண்டு. அதே படம், அதே வீடியோ, அதே ஆட்கள், அதே மரம், ஒரு புள்ளிகூட மாறாமல். அண்ணிக்கு எல்லாவற்றையும் இரண்டு முறை ஒட்டுகிற பழக்கம் என்று நினைத்தேன். 'முதலில் உள்ளதை வைத்துக்கொண்டு மற்றதை நிரந்தரமாக அழி' என்று ஒரு வரி இருந்தது. அழுத்தினேன். குப்பைத்தொட்டிக்குக்கூட அனுப்பவில்லை, அங்கே கிடந்தாலும் இடம் அடைக்குமே.

நூற்றிரண்டு ஜிபியாக இறங்கியது. எஸ்எஸ்டியைப் பெட்டியில் போட்டு இணைத்து நகலெடுக்கவிட்டேன். மதியத்துக்குள் முடிந்தது. லேப்டாப்பைக் கவிழ்த்து ஸ்க்ரூக்களைக் கழற்றினேன். ஒன்று தலை மழுங்கியிருந்தது. ரப்பர் பாண்டை நடுவில் வைத்து அழுத்தித் திருப்பினேன். பழையதை உருவி, புதியதைச் செருகி, மூடி, பொத்தானை அழுத்தினேன். பன்னிரண்டு விநாடி! கத்திவிட்டேன். வாசலில் மேய்ந்துகொண்டிருந்த சித்தப்பாவின் ஆடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. எப்போதும் எங்கள் பக்கத்தில்தான் மேயும். அந்தச் சந்தோஷத்தில் அன்றைக்கு அவற்றைக் கல்லெடுத்து விரட்டவில்லை. உட்கார்ந்த கையோடு பழைய டிஸ்கை ஃபார்மட் செய்து, விடுதித் தோழி கொடுத்த பென்டிரைவிலிருந்த சினிமாக்களையெல்லாம் அதில் நிரப்பினேன்.

அண்ணி வந்ததும் ஒன்றும் சொல்லாமல் முன்னால் வைத்துத் திறந்து காட்டினேன்.

அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. "இன்னா பண்ண?" என்றாள். சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நேராக இரண்டாம் எண் ஃபோல்டரைத் திறந்தாள். மூன்றைத் திறந்தாள். நான்கு. ஐந்து. பிறகு என்னைப் பார்த்தாள்.

"சித்தப்பா வூட்டு ஃபோல்டர்ல நம்ம எல்லைப் படம் எங்க?"

"அது ரெண்டு இருந்துச்சு அண்ணி. ஒண்ணு போதும்னு..."

"ரெண்டு வூட்டுக்கு ரெண்டு படம்டி."

அவள் அதுவரை என்னை டி போட்டுப் பேசியதில்லை.

நடந்தது இதுதான். ஒரே படம் இரண்டு ஃபோல்டரில் இருந்தால் மென்பொருள் முதல் எண்ணில் உள்ளதை வைத்துக்கொண்டு அடுத்ததில் உள்ளதை அழித்துவிட்டது. நாங்கள் ஒன்றாம் எண். எங்களிடம் எல்லாம் பத்திரமாக இருந்தது. சித்தப்பா இரண்டு. அவர் மூன்றாம் வீட்டாரோடு நின்ற படம் அவர் ஃபோல்டரில் இருந்தது. எங்களோடு, எல்லைப் புளியமரத்தில் கை வைத்து நின்ற படம் மட்டும் இல்லை. வேண்டுமென்றே பொறுக்கி எடுத்தாற்போல.

"அதே படந்தான் நம்ம ஃபோல்டர்ல இருக்கே. எடுத்துப் போட்டா முடிஞ்சுது" என்றேன். அண்ணி மறுநாள் விடிந்ததும் உட்கார்ந்து, யாருக்கு யார் பக்கத்து நிலம் என்று மனதிலிருந்தே சொல்லிச் சொல்லி ஒவ்வொரு ஃபோல்டருக்கும் திரும்ப நகலெடுத்தாள். புதன்கிழமை மதியம்தான் முடிந்தது.

"சபைக்கு முன்ன எல்லார்ட்டயும் சொல்லிடணும். இந்த மாதிரி ஆச்சு, திருப்பிப் போட்டுட்டேன்னு" என்றாள்.

"சொன்னா சித்தப்பா ஆடுவாரு. இது ஒரு புள்ளிகூட மாறாத அதே படம் அண்ணி. யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுதே."

"கம்ப்யூட்டர் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சதவிட எனக்குத் தெரியும். சொல்லாதீங்க."

அவள் லேப்டாப்பை மூடிவிட்டு, சரி என்றாள். என்னை நம்பி அவள் செய்த ஒரே காரியம் அதுதான்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் சபை. டெஸ்கில் லேப்டாப்பை வைத்து அண்ணி ஒவ்வொரு வீடாகத் திறந்து காட்டினாள். குழுத் தலைவர் பெயர் வாசித்தார். அக்கம்பக்கத்தவர் கையெழுத்துப் போட்டார்கள். எங்கள் முறை வந்தது. சித்தப்பா எழுந்தார். அவர் என் அப்பாவின் பெரியப்பா மகன், பங்காளி. புளி உலுக்குகிற மாதம் வந்தால் எங்கள் பக்கம் விழுந்தது எத்தனை, அவர் பக்கம் விழுந்தது எத்தனை என்று வருடா வருடம் சண்டை. அவரோடு அவருடைய மாப்பிள்ளையும் வந்திருந்தார். வாணியம்பாடியில் ஒரு ஷூ கம்பெனியில் பில் போடுகிறவர்.

"கொஞ்சம் தள்ளுங்க" என்று மாப்பிள்ளை மவுஸை வாங்கினார். சித்தப்பா ஃபோல்டரில் இருந்த படத்தின்மேல் வலது பக்கம் அழுத்தி விவரத்தைத் திறந்தார். பிறகு எங்கள் ஃபோல்டரில் உள்ளதையும் திறந்தார். இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இன்னா மச்சினி, காலேஜ் படிக்கிற பொண்ணு நீ சொல்லு. உங்க வூட்டுப் படம் உருவானது போன வருஷம். எங்க வூட்டுப் படம் உருவானது முந்தாநேத்து. இதுங்க ரெண்டும் ஒரே படமா?"

நகலெடுத்தால் உருவான தேதி புதிதாகத்தான் காட்டும், படம் எடுத்த தேதி உள்ளே தனியாக இருக்கிறது, அது இரண்டிலும் ஒன்றுதான் என்று வேக வேகமாகச் சொன்னேன். திறந்தும் காட்டினேன்.

"அதையும் மாத்தலாம் மச்சினி. ஆபீஸ்ல நானே மாத்தியிருக்கேன்" என்று சிரித்தார்.

"முந்தாநேத்து ஏன் நகலெடுத்த?" என்று தலைவர் அண்ணியைக் கேட்டார். அண்ணி நடந்ததைச் சொன்னாள். என் பெயரைச் சொல்லவில்லை, 'வூட்ல' என்றாள். வீட்டில் யார் என்று ஊருக்கே தெரியும். பன்னிரண்டு விநாடியைப் பற்றிப் புதன்கிழமை குழாயடியில் நானேதான் பெருமையடித்திருந்தேன்.

"அப்ப அழிச்சது உண்மை" என்றார் சித்தப்பா. "மூணாம் வூட்டுப் படம் அழியல. எனக்கும் அண்ணனுக்கும் நடுவுல இருக்கறது மட்டும் அழிஞ்சுதா? மிஷினுக்கு அவ்ளோ வெவரமா?"

"மிஷினுக்கு அவ்ளோதான் வெவரம் சித்தப்பா, அது முதல் நம்பரத்தான்..."

"நீ பேசாத. நாங்க நின்னது மரத்தாண்ட இல்ல. அத்தத் தாண்டி உங்க பக்கம், பாறையாண்ட. இது வேற படம்."

பச்சைப் பொய். அங்கிருந்த பாதிப் பேருக்குத் தெரியும் அது பொய் என்று. அந்தப் படத்தில் அவர் கை மரத்தில் இருக்கிறது, கட்டியிருக்கும் பச்சைத் துண்டு இருக்கிறது, பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். நான் திரையைத் தட்டித் தட்டிக் காட்டினேன். "கண்ணு தெரியலையா உங்களுக்கு? இது யாரு? இது பாறையா?"

"இத்தக் கம்ப்யூட்டர்ல செய்யத் தெரியாதா உனக்கு? அதுக்குத்தான படிக்க அனுப்பினாங்க?"

யாரோ சிரித்தார்கள். அப்பா என் தோளைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். "வாயத் தொறக்காத" என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை, அருவருப்பு இருந்தது.

தலைவர் இழுத்துப் பேசினார். இரண்டு பேரும் மறுபடி போய் நின்று புதுப் படம் எடுத்தால் இன்றைக்கே சேர்த்துவிடலாம், இல்லையென்றால் இரண்டு மனுவையும் விட்டுவிட்டு மற்றதை அனுப்ப வேண்டியதுதான், அடுத்த முறை எப்போதென்று தனக்குத் தெரியாது என்றார்.

"வர்றேன்" என்றார் சித்தப்பா. "ஆனா அந்தப் படம் அதுல இருக்கற வரைக்கும் வரமாட்டேன். இன்னிக்கு நான் ஒத்துக்கினு நின்னா, நாளைக்கு நீங்க அத்தத் தூக்கிக்கினு கலெக்டராண்ட போவீங்க."

"படம்தான் சாட்சி! அத்த எதுக்கு..." என்று நான் மறுபடி எழுந்தேன்.

அண்ணி என் பக்கம் திரும்பினாள். "அழிச்சவங்க வூட்ல மட்டும் இருக்கற படம் சாட்சியா? யாருக்கு?" என்றாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அதை அவள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். எங்கள் ஃபோல்டரைத் திறந்து, அந்தப் படத்தையும் வீடியோவையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, நிரந்தரமாக அழிக்கவா என்று அது கேட்டதற்கு ஆமாம் போட்டாள். இரண்டாம் ஃபோல்டரிலும் அதையே செய்தாள். எல்லாரும் பார்க்கும்படி லேப்டாப்பைத் திருப்பி வைத்தாள்.

எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. பழைய டிஸ்காக இருந்திருந்தால் கொஞ்சமாவது யோசித்திருக்கும்.

அங்கிருந்து நிலத்துக்கு நடந்தோம். தலைவர், குழுவில் இரண்டு பேர், சித்தப்பா, மாப்பிள்ளை, அப்பா, அண்ணி. என்னை யாரும் கூப்பிடவில்லை, நானும் போனேன். வழி முழுக்க சித்தப்பா மட்டும் தன் சாமைக்கு மழை பத்தவில்லை என்று யாரிடமென்றில்லாமல் சொல்லிக்கொண்டு வந்தார். புளியமரம் வந்தது. அவர் நிற்கவில்லை. மரத்தைத் தாண்டி, எங்கள் நிலத்துக்குள் பத்தடி நடந்து, இடுப்பளவு பாறை ஒன்றின்மேல் கையை வைத்தார்.

"எல்லை இதான்."

எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். மரம் முழுசாக அவர் பக்கம் போகிறது. காய்க்கிற மரம், எங்கள் வீட்டுக்கு வருடத்துக்கு வேண்டிய புளியைக் கொடுத்து மிச்சத்தை விற்கவும் வைத்த மரம். அப்பா ஒத்துக்கொள்ளவில்லையென்றால் பட்டாவே இல்லை. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். பாறையின் இந்தப் பக்கம் நின்று கையை வைத்தார். பாறை சூடாக இருந்திருக்க வேண்டும். வைத்த கையை ஒருமுறை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார்.

"நாங்களும் எடுத்துக்கறோம்" என்று மாப்பிள்ளை தன் ஃபோனைத் தூக்கினார். "எங்களுது எங்க கிட்டயே இருக்கட்டும்."

அண்ணியும் ஃபோனைத் தூக்கினாள். தூக்கியவள் இறக்கினாள். "நீ தள்ளு" என்றாள் என்னிடம். "உன் நெழலு உள்ள வுழுது."

தள்ளி நின்றேன். இரண்டு ஃபோனிலும் க்ளிக் சத்தம் கேட்டது.

தலைவர் எங்கள் மனுவை நீட்டினார். காற்றில் காகிதம் படபடத்தது. சித்தப்பா அதை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்து, புளியமரத்தின் அடிமரத்தில் வைத்து அழுத்திப் பிடித்து, தன் பெயரை எழுத்து எழுத்தாக எழுதினார். பிறகு அப்பா கையெழுத்துப் போடச் சித்தப்பாவின் மனுவை வாங்கினார். சுற்றிலும் பார்த்தார். வைத்து எழுதுவதற்கு வேறு எதுவும் இல்லை. கரடுமுரடான பாறை, சாமை, காற்று.

"இங்கயே வெச்சுப் போடுண்ணே" என்றார் சித்தப்பா, மரத்தைத் தட்டிக் காட்டி. "நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."